மை போட்டுப் பார்ப்பதும் விளக்குப் போட்டுப் பார்ப்பதும்

ஆரணியிலும் அதைச் சுற்றியுள்ள சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் முதலிய ஊர்களிலும் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்து பிழைக்கும் தோழர்களுக்கு ஒரு விஷயத்தை நாம் புதிதாய்ச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சேலை நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள அதை யாரும் கிழித்துப் பார்ப்பதில்லை. வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்கிறார்கள். அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடியிருக்கின்றது என்பதற்கு இழை எண்ணும் கண்ணாடியை வைத்துப் பார்க்கிறார்கள். சாயம் ஒத்திருக்கின்றதா என்பதை இராத்திரி விளக்கில் பார்த்து ஏமாறாமல், பகல் வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறார்கள். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதைக்கூட முன்போல நூலை உருவித் தேய்த்தும் கொளுத்தியும் பார்க்காமல், காஞ்சிபுரத்தில் எக்ஸ்-கதிர்க் கருவியின் கீழ் வைத்து, ஓர் இழை அறாமல் கணக்குச் சொல்லிவிடுகிறார்கள். சேலைக்கு இவ்வளவு மரியாதை நடக்கின்றது.

அந்தச் சேலையை நெய்கிறவர்களுடைய தோலுக்கு என்ன மரியாதை நடக்கின்றது என்பதுதான் இன்று நாம் கேட்க வந்த கேள்வி.

மற்ற வியாதிகளுக்கும் தோல் வியாதிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வயிற்றுவலிக்காரன் தானாகச் சொன்னாலொழிய அவனுக்கு வயிற்றுவலி என்று ஊராருக்குத் தெரியாது. தோலில் ஒன்று வந்துவிட்டாலோ, நோயாளி கண்ணாடியில் பார்ப்பதற்கு முன் எதிர்வீட்டுக்காரர் பார்த்துவிடுகிறார். பார்த்த ஒவ்வொருவரும் வைத்தியராகிவிடுகிறார், பிறகு ஜோசியராகிவிடுகிறார், கடைசியில் நியாயாதிபதியும் ஆகிவிடுகிறார். வெள்ளையாய் ஒரு புள்ளி வந்தால் மீனையும் பாலையும் சேர்த்துத் தின்றதால் வந்தது என்பார் ஒருவர். பாம்பை அடித்த தோஷம் என்பார் மற்றொருவர். போன ஜன்மத்தில் செய்த பாவம் என்று மூன்றாமவர் தீர்ப்பே எழுதிவிடுவார். மீனும் தின்னாத, பாலும் குடிக்காத, பாம்பையே பார்த்திராத குழந்தைக்கும் அந்தப் புள்ளி வருகிறதே என்று கேட்டால், அதற்குத்தான் போன ஜன்மம் இருக்கவே இருக்கின்றது. அங்கே போய் யார் சாட்சி விசாரிக்கப் போகிறார்கள்?

அக்கி விஷயத்தைப் பாருங்கள். இடுப்பிலோ மார்பிலோ ஒரு பக்கமாய்க் கொப்புளம் வரிசையாய் எழும்பி, நெருப்பு வைத்தாற்போல் எரிந்தால், காவியைக் குழைத்து அதன்மேல் சிங்கமும் நாயும் எழுதுவது நம் நாட்டு வழக்கம். எழுதுகிற ஏழைத் தோழர்மீது நமக்கு யாதொரு கோபமுமில்லை. அவர் தம் தகப்பனார் செய்ததைச் செய்கிறார். ஆனால் அக்கி என்பது சிறுவயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பின் வேரில் ஒளிந்திருந்து, வெகுகாலங் கழித்துத் திரும்பக் கிளம்புவதேயாகும். அது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும். காய்ந்தவுடன் பெயர் காவிக்குப் போகின்றது. எரிச்சல் மட்டும் சிலருக்கு மாதக்கணக்காய் நின்று, தூக்கத்தைக் கெடுக்கின்றது. அது யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்திற்குள் மருந்து ஆரம்பித்தால் நல்லது. கண்ணுக்கருகே வந்துவிட்டால் பார்வைக்கே மோசம் வரலாம். அந்த மூன்று நாளும் காவிக்கடியில் கழிந்துவிடுகின்றன. வைத்தியர் வந்து பார்த்தாலும் அவர் கண்ணுக்குத் தோல் தெரிகிறதில்லை, சிங்கந்தான் தெரிகின்றது.

இனி, மச்சம். இன்ன இடத்தில் மச்சமிருந்தால் ராஜயோகம், இன்ன இடத்தில் இருந்தால் தாரித்திரியம் என்று நம்மிடம் ஒரு சாஸ்திரமே இருக்கின்றது. மற்ற தேசத்தார் அதே மச்சத்தைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடி வைத்துப் பார்த்து, இது சாதுவானதா, புற்றாக மாறக்கூடியதா என்று கேட்கிறார்கள். கறுத்த மேனியுடையவர்களுக்கு இந்தக் கரும்புற்று வருவது குறைவுதான். வந்தால் பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகின்றது. பாப் மார்லி என்ற ஜமைக்கா நாட்டுப் பாடகருக்கு 1977-இல் கால்விரல் நகத்தடியில் கண்டது இதுவே. 1981-இல் அவர் 36 வயதில் இறந்தார். நம் மச்ச சாஸ்திரக்காரர்கள் உள்ளங்கால் மச்சத்திற்குப் பிரயாண யோகம் சொல்லுகிறார்கள். பிரயாணம் எவ்விடத்திற்கு என்று சொல்வதில்லை.

நிற்க, இப்போது விளக்கின் சங்கதிக்கு வருவோம். திருட்டுப்போன சாமானைக் கண்டுபிடிக்க வெற்றிலையில் மை தடவி, அதற்குள் ஆள் தெரிகிறான் என்று சொல்லும் வித்தை நம்மவர்கள் அறிந்தது. வைத்தியர்களிலும் ஒரு காலத்தில் தோலின்மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கண்ணாடி வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. முன்னதில் பார்க்கிறவனுக்கு மட்டுந்தான் தெரியும். பின்னதில் யார் குனிந்து பார்த்தாலும் தெரியும். இவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றது. எண்ணெய் எதற்கு என்றால், உலர்ந்த தோலின் மேற்பரப்பு வெளிச்சத்தை அப்படியே திருப்பியடித்து மினுமினுக்கின்றது. குளத்து நீரின் மினுமினுப்பில் அடியிலுள்ள கூழாங்கல் தெரியாததுபோல, தோலின் மினுமினுப்பில் உள்ளேயுள்ளது தெரிவதில்லை. எண்ணெய் அந்த மினுக்கை அடக்கிவிடுகின்றது. ஜெர்மானிய வைத்தியர் சாஃபியர் என்பவர் 1920-இல் இப்படிப் பார்ப்பதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் தோல்நோக்கி என்று சொல்லலாம். இன்றைய கருவியில் எண்ணெய்கூட வேண்டியதில்லை. வெளிச்சம் போகும் வழியில் ஒரு வடிகட்டிக் கண்ணாடியும், திரும்பி வரும் வழியில் அதற்குக் குறுக்காய் மற்றொரு வடிகட்டிக் கண்ணாடியும் வைத்துவிட்டால், மேலே பட்டுத் திரும்பும் மினுக்கு மட்டும் தடுக்கப்பட்டு, உள்ளே நுழைந்து சுற்றிவிட்டு வரும் வெளிச்சம் கண்ணுக்கு வருகின்றது. சுமார் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு கண்ணாடி, சுற்றிச் சில சிறு விளக்கு, இரண்டு வடிகட்டி. கருவி இவ்வளவே. இழை எண்ணும் கண்ணாடிக்குத் தம்பி என்று சொல்லலாம். சாதாரண ரகம் ஒன்று ஒரு நல்ல பட்டுச் சேலையின் விலைக்குள் வந்துவிடும்.

வெளிச்சம் தோலுக்குள் போகுமா என்று சந்தேகப்படுகிற தோழர்கள், இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியிலுள்ள டார்ச்சை விரல் நுனியில் வைத்து அழுத்திப் பார்க்கட்டும். விரல் சிவந்து ஒளிரும். நீலமும் பச்சையும் இரத்தத்திலும் தோலின் கறுப்பிலும் சீக்கிரம் விழுங்கப்பட்டுவிட, சிவப்பு மட்டும் ஆழமாய்ப் போய் மறுபுறம் வருகின்றது. கொரோனாக் காலத்தில் கிராமந்தோறும் விரலில் மாட்டிப் பார்த்த சிறு பெட்டி இந்தத் தந்திரத்தால்தான் இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று சொல்லிற்று. ஊசி குத்தாமல், இரத்தம் எடுக்காமல், வெளிச்சத்தைக் கொண்டு சரீரத்தினுள் பார்ப்பதென்பது நம் ஜனங்களுக்கு அந்நியமான விஷயமல்ல என்பதற்காக இதைச் சொன்னோம்.

இன்னொரு விளக்கும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் வுட் என்னும் பௌதிக ஆசிரியர் 1903-இல், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுத்து, ஊதாவுக்கப்பாலுள்ள வெளிச்சத்தை மட்டும் விடுகிற ஒரு கண்ணாடியைச் செய்தார். 1925-இல் பிரான்ஸ் தேசத்து வைத்தியர்கள் அதைக் கொண்டு தலைமயிரில் பிடிக்கும் படையைக் கண்டார்கள். கடைக்காரர் கள்ளநோட்டைப் பார்க்கிறாரே, அந்த விளக்கின் ஜாதிதான் இதுவும். இருட்டறையில் இதைப் பிடித்தால், வெண்புள்ளி பளிச்சென்று நீலங்கலந்த வெள்ளையாய் ஒளிரும். தேமல் மஞ்சளாய்த் தெரியலாம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் வரும் ஒருவகைக் கிருமி பவழச் சிவப்பாய் மின்னும். இதைப் படித்துவிட்டு யாரும் கள்ளநோட்டு விளக்கைக் கொண்டு வைத்தியம் பார்க்கக் கிளம்பிவிட வேண்டாம். சோப்புத்தூள் போட்டு வெளுத்த வேஷ்டியும் அந்த வெளிச்சத்தில் ஜொலிக்கும். முகப்பவுடரும் களிம்பும்கூட ஜொலிக்கலாம். வேஷ்டிக்கு வெண்புள்ளி என்று சொல்லுகிற வைத்தியர் நமக்கு வேண்டியதில்லை.

இதனால் ஆகப்போவது என்ன என்றால், ஒரு குடும்பத்தின் வாழ்வும் ஒரு நெசவாளியின் கையும் இதில் அடங்கியிருக்கின்றன. எப்படியென்று சொல்லுகிறோம்.

கலியாணத்திற்கு இருக்கும் ஒரு பெண்ணின் காலில் வெளுப்பாய் ஒரு திட்டு காணுகின்றது. அது வெண்புள்ளியாயிருக்கலாம். அதாவது தோலுக்கு நிறங்கொடுக்கும் உயிரணுக்களைச் சரீரமே பகைத்து அழித்துவிடுவதால் வருவது. தொற்றாது, உயிருக்கு ஆபத்தில்லை. அல்லது வெறும் தேமலாயிருக்கலாம். களிம்பு தடவினால் போய்விடும். அல்லது தொழுநோயின் ஆரம்பமாயிருக்கலாம். மூன்றும் தெருவிலுள்ளவர் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். போதாததற்கு முதலாவதற்கு 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்து, சம்பந்தமேயில்லாத வியாதியின் பெயரை அதன் கழுத்தில் கட்டிவிட்டார்கள் நம் பெரியவர்கள். இப்பொழுது வெண்புள்ளி என்று சொல்லும் வழக்கம் பரவி வருகின்றது. ஆனால் பெயர் மாறினாலும் பார்வை மாறாததால், அந்தப் பெண்ணுக்கு வரன் வருவதில்லை. அவள் தங்கைக்கும் வருவதில்லை. வீட்டார் அவளைக் கோயில் கோயிலாய் அழைத்துப்போவார்கள், இருட்டில் ஆஸ்பத்திரிக்கும் போவார்கள். பகலில் மட்டும் போகமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான தப்பு இன்னும் பொல்லாதது. வந்திருப்பது தொழுநோயாயிருந்து, தேமல்தானே என்று விட்டுவிட்டால், நோய் நரம்பைத் தின்றுகொண்டே போகும். முதலில் அந்தத் திட்டில் வேர்வை குறையும், மயிர் உதிரும், உணர்ச்சி போகும். பிறகு முழங்கை நரம்பு தடித்து விரல் மரத்துவிடும். மற்ற தொழிலில் விரல் மரத்தால் கஷ்டம். பட்டு நெசவிலோ விரல்தான் கண். அறுந்த இழையைத் தடவிப் பிடித்து முடிபோடும் விரல் அது. அந்த விரலுக்குப் பட்டும் தெரியாமல் நெருப்பும் தெரியாமல் போய்விட்டால் அவன் தறியை விட்டு இறங்க வேண்டியதுதான். இந்நோயின் கிருமியை நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் 1873-இலேயே கண்டு, இது சாபமல்ல, கிருமி என்று காட்டிவிட்டார். 1981 முதல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனைப்படி பல மருந்தைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை நடந்து வருகின்றது. சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கின்றது. ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் ஒழுங்காய்ச் சாப்பிட்டால் குணமாகின்றது. அப்படியிருந்தும் உலகத்தில் வருஷந்தோறும் புதிதாய்க் காணும் தொழுநோயாளிகளில் பாதிக்குமேல் நம் இந்தியாவில்தான் இருக்கிறார்கள்.

நமக்கோ இது எங்கோ நடக்கும் கதையுமல்ல. ஆரணியிலிருந்து வேலூர் எவ்வளவு தூரம்? அந்த வேலூரில்தான் பால் பிராண்ட் என்னும் வைத்தியர் 1940-களின் கடைசியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு, வேலை செய்கிற தசைநாரை மாற்றிக்கட்டி மறுபடி விரலை விரியச் செய்தார். பக்கத்திலுள்ள கரிகிரியில் 1955 முதல் இந்நோய்க்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கின்றது. செங்கற்பட்டுத் திருமணியிலும் ஒன்று இருக்கின்றது. உலகத்தார் கற்றுக்கொள்ள வந்த வித்தை நம் வாசற்படியில் கிடக்க, நாம் பரிகாரம் தேடி வேறு வாசலுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். தொழுநோயாளிகளை அடைத்துவைக்க 1898-இல் செய்த சட்டம் 2016-இல்தான் எடுக்கப்பட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ இந்நோய் என்பதைக் காட்டி விவாகரத்துக் கேட்கலாம் என்ற விதி 2019-இல்தான் ஒழிந்தது. சட்டத்திற்கே இவ்வளவு காலம் ஆயிற்றென்றால் சம்பந்திகளுக்கு எவ்வளவு காலம் ஆகுமோ!

இங்கேதான் விளக்கு வேலை செய்கின்றது. வெண்புள்ளியில் நிறம் அடியோடு போய்விடுவதால் வுட் விளக்கின்கீழ் அது எல்லை கட்டினாற்போல் பளிச்சென்று நிற்கும். தொழுநோய்த் திட்டில் நிறம் குறையுமேயன்றி அடியோடு போவதில்லையாதலால் அப்படிப் பளிச்சிடாது. தோல்நோக்கியை வைத்தால் மயிர் குறைந்திருப்பதும், வேர்வைத் துவாரங்கள் மறைந்திருப்பதும் தெரியக்கூடும். அதற்குப்பின் பஞ்சைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதும், நரம்பைத் தடவிப் பார்ப்பதும், தேவையானால் தோலைச் சிறிது கீறிக் கிருமியைத் தேடுவதும் இருக்கவே இருக்கின்றன. விளக்கு மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடாது. கீற வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்று பிரித்துக் காட்டும். ஐந்து நிமிஷத்தில், ஒரு சொட்டு இரத்தமில்லாமல், உன் மகளுக்கு இருப்பது தொற்றுநோயல்ல என்று ஒரு தகப்பனாருக்குக் கண்ணால் காட்டிச் சொல்ல முடியுமானால், அந்த ஐந்து நிமிஷம் எத்தனை வருஷத்தை மிச்சப்படுத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

சிகிச்சை நடக்கும்போதும் இக்கருவிக்கு வேலையுண்டு. வெண்புள்ளிக்கு மருந்தும், குறிப்பிட்ட அளவு ஊதாவுக்கப்பாலுள்ள ஒளியும் கொடுக்கிறார்கள். பலன் தெரிய மாதங்கள் ஆகும். மூன்றாம் மாதம் ஒன்றும் தெரியவில்லை என்று நோயாளி நிறுத்திவிடுகிறார். ஆனால் நிறம் திரும்பும்போது பெரும்பாலும் மயிர்க்காலைச் சுற்றிச் சிறு சிறு புள்ளியாய்த்தான் முதலில் திரும்புகின்றது. வெறுங்கண்ணுக்குத் தெரியாத அந்தப் புள்ளியைக் கண்ணாடியில் காட்டிவிட்டால், அவர் மருந்தை விடமாட்டார். தறியில் முதல் முழம் சேலை ஓடுவதைப் பார்த்தவனுக்கு மிச்சத்தை நெய்ய மனம் வருவதுபோல.

இன்னும், படர்தாமரை. வேர்க்கிற உடம்பில் வருகிற இந்தப் படை முன்போல் இலேசில் போவதில்லை என்பது எல்லாருக்கும் அனுபவம். சாதாரண மருந்துக்கு மசியாத ஒருவகைக் காளானை 2020-இல் ஜப்பானியர் பிரித்தறிந்து, இந்தியாவின் பெயரைச் சேர்த்தே அதற்குப் பெயரிட்டார்கள். நமக்குக் கிடைத்த பட்டங்களில் அதுவும் ஒன்று! இதில் பாதிக் குற்றம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் களிம்பினுடையது. அதிலுள்ள ஸ்டெராய்டு அரிப்பை இரண்டு நாளில் அடக்கி, காளானை உள்ளே வளர்த்துவிடுகின்றது. அதே களிம்பை முகம் வெளுக்கும் என்று பூசுகிறவர்களும் உண்டு. தோல் மெலிந்து, இரத்தக்குழாய் விரிந்து, முகம் சிவந்து எரியும்வரை விடமாட்டார்கள். 1930-களில் வெளுக்கப் பூசியது பவுடர், கழுவினால் போய்விடும். இது கழுவினாலும் போகாது. 2018-இல் இந்திய சர்க்கார் இவ்வகைக் களிம்பில் 14-ஐச் சீட்டின்றி விற்கக்கூடாதென்று விதித்தது. விதி ஏட்டிலிருக்கின்றது, களிம்பு எங்கிருக்கின்றது என்பதை வாசகர்களே அறிவார்கள். தோல்நோக்கி வைத்துப் பார்த்தால் படையில் மயிர் முறிந்தும் சுருண்டும் கிடப்பது தெரியும். களிம்பால் விரிந்த இரத்தக்குழாய் கண்ணுக்குத் தெரியுமுன் தெரியும். பட்டின் பசையை எடுக்கச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரிலும், பிறகு சாயத்தொட்டியிலும் நாள்முழுவதும் கையை விட்டு, உள்ளங்கை வெடித்துப்போன சாயக்காரருக்கு வந்திருப்பது தொழிலால் வந்த கரப்பானா, காளானா, காளாஞ்சகப் படையா என்பதை இதைக் கொண்டு ஓரளவு பிரிக்கலாம். முதலாவதற்குக் கையுறையும் ஓய்வும் வேண்டும், மற்றவற்றிற்கு வேறு வைத்தியம். மூன்றுக்கும் ஒரே களிம்பு என்பது கடைக்காரர் சாஸ்திரம்.

சொறிக்குள் ஓடும் பூச்சியைக்கூடக் கையோடு காட்டிவிடலாம். தோலில் சுரங்கம் வெட்டிக்கொண்டு போகும் அதன் தலைப்பகுதி சின்ன முக்கோணமாய்த் தெரியும். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் பிறகு அம்மன் கோபம் என்று சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டியதாயிருக்கின்றது. கருவி சொல்லிவிட்டது என்பதால் மட்டும் எதையும் ஏற்பது, சாமி சொல்லிவிட்டது என்று ஏற்பதற்கு அண்ணன் தம்பி முறை. யார் தோலில் சோதித்துக் கருவியைச் செய்தார்கள் என்று கேட்க வேண்டும். முன்சொன்ன விரல்பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1974-இல் ஜப்பானில் டக்குவோ அவோயாகி என்பவர் வகுத்தார். கோடிக்கணக்கான உயிரைக் காக்க உதவிய கருவி, அதில் ஆட்சேபணையில்லை. ஆனால் 2020-இல் அமெரிக்காவில் மிச்சிகன் வைத்தியர்கள் வெளியிட்ட கணக்கு என்ன? பெட்டி நல்ல எண் காட்டியிருந்தும் உண்மையில் பிராணவாயு ஆபத்தாய்க் குறைந்திருந்தது, வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 தடவை, கறுப்பரில் நூற்றுக்கு 11.7 தடவை. வெளிச்சம் கறுப்புத் தோலைக் கடந்து போகும்போது கணக்குப் பிசகுகின்றது. பிசகை யாரும் வெகுகாலம் பெரிதாய் எண்ணவில்லை. பிசகியது யார் உயிர் என்பதால்தான் எண்ணவில்லை என்று நாம் சொன்னால் அது அபாண்டமாகுமா?

படத்தைப் பார்த்து வியாதி சொல்லும் யந்திர புத்தியும் இப்படியே. 2017-இல் ஒன்றேகால் லட்சத்திற்கு மேற்பட்ட படத்தை வைத்து அதற்குப் பாடஞ் சொல்லி, தேர்ந்த தோல் வைத்தியருக்கு இணையாய்ப் புற்றைக் கண்டது என்று கொண்டாடினார்கள். 2022-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் பலநிற மேனியரின் 656 படத்தைக் கொடுத்துச் சில யந்திரங்களைச் சோதித்தபோது, கறுத்த தோலில் அவற்றின் கெட்டிக்காரத்தனம் இறங்கிவிட்டது. பாடம் படித்ததெல்லாம் பெரும்பாலும் வெள்ளைத் தோலில். வைத்தியப் புத்தகங்களிலும் இதே கதைதான். இலண்டனில் மலோன் முக்வெண்டே என்னும் கறுப்பு மாணவர், படிப்பிக்கும் அடையாளமெல்லாம் வெள்ளைத் தோலுக்குரியதாயிருக்கிறதே, என் தோலில் இது எப்படித் தெரியும் என்று கேட்டு, தம் ஆசிரியர்களோடு சேர்ந்து 2020-இல் கறுத்த தோலுக்கென்றே ஒரு கைப்புத்தகம் வெளியிட்டார். 'சிவந்து காணும்' என்று புத்தகத்தில் எழுதியிருக்கும் வியாதி நம் மேனியில் சிவந்து காணாது. கருஞ்சிவப்பாயோ, ஊதாவாயோ, சாம்பலாயோ காணும். சிவப்பைத் தேடுகிற வைத்தியர் அதைக் கடந்து போய்விடுவார்.

கறுப்பு என்றால் குறை என்று இந்நாட்டில் எவ்வளவு காலமாய்ச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கின்றது! கறுத்த பெண்ணுக்குச் சீர் அதிகம், கறுத்த பிள்ளைக்குக் கேலி அதிகம். உண்மையென்ன? நிறங்கொடுக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அவை செய்யும் மெலனின் என்னும் நிறப்பொருளின் அளவிலும் அடுக்கிலுந்தான் பேதம். ஒரு வேடிக்கையும் சொல்லுகிறோம். தோலைக் கீறாமல் லேசர் ஒளியால் உயிரணு உயிரணுவாய்ப் பார்க்கும் ஒரு நுண்ணோக்கியைப் பற்றி, பாஸ்டன் நகரில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் அவர் கூட்டாளிகளும் 1995-இல் எழுதினார்கள். அதில் தோலின் அடுக்குகளைத் தெளிவாய்ப் பிரித்துக் காட்டியது எது தெரியுமா? இதே மெலனின்தான். அந்த ஒளியில் கறுப்பு வெள்ளையாய்ப் பிரகாசிக்கின்றது. சீர்வரிசை பேசுகிற சம்பந்தியம்மாளுக்கு இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

இந்த லேசர்க் கருவியும், 1991-இல் கண்ணுக்கென்று முதலில் செய்யப்பட்டு, இப்போது தோலுக்குள் ஒரு மில்லிமீட்டர், சற்றே அதிகம்வரை குறுக்கு வெட்டாய்ப் படங் காட்டும் மற்றொரு ஒளிக்கருவியும் பெரும் விலையுள்ளவை. அவற்றை ஆரணிக்குக் கொண்டுவா என்று கேட்பது தறிக்கூடத்துக்கு ஆகாயவிமானம் கேட்பதுபோலாகும். அவை மருத்துவக் கல்லூரிகளிலும் ஆராய்ச்சிச் சாலைகளிலும் இருக்கட்டும். ஆனால் தோல்நோக்கியும் வுட் விளக்கும் அப்படியல்ல. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் அவை இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் அவற்றைப் பழகிய வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார் என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டு முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று வீட்டு வாசலுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மெத்தச் சரி. வந்தவர்கள் தறிக்காரர் கையையும் சாயக்காரர் உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்து, சந்தேகமானதைக் கைப்பேசியில் கண்ணாடி மாட்டிப் படமெடுத்து, திருவண்ணாமலை, வேலூர் மருத்துவக் கல்லூரிகளிலுள்ள தோல் வைத்தியருக்கு அனுப்பினால் என்ன குடிமுழுகிப் போகும்?

படமெடுப்பதில் மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. பெண்களைப் பெண்களே எடுக்க வேண்டும், அவர்கள் சம்மதித்தால் மட்டும் எடுக்க வேண்டும், முகம் வரக்கூடாது, படம் வைத்தியரைத் தவிர வேறு கைக்குப் போகக்கூடாது. சம்மதித்தவர்களுடைய படங்கள் சேர்ந்து வந்தால், நாளைக்கு யந்திர புத்திக்கு நம் நிறத்திலேயே பாடஞ் சொல்ல நம்மிடமே ஏடு இருக்கும். பிறத்தியார் தோலில் படித்ததை நம் தோலில் ஒப்பிக்கிற நிலை குறையும்.

சுற்றுவட்டாரக் கிராமத் தோழர்களுக்குக் கிராமசபைக் கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் இருக்கின்றது. தெருவிளக்கைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் கேட்கிற அந்த இடத்தில், இந்த இரண்டு சிறு விளக்கும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வேண்டும் என்று ஒருவர் எழுந்து கேட்டுத் தீர்மானமாய் எழுதி வாங்கட்டும். நகரத்தில் இருப்பவர்கள் தத்தம் வார்டு கவுன்சிலரிடம் கேட்கட்டும். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் இழை எண்ணும் கண்ணாடி வாங்குகிற பணத்தோடு இன்னும் சிறிது சேர்த்து, வருஷத்திற்கு ஒருமுறையாவது தோல் வைத்தியரை அழைத்துத் தறித்தெருவிலேயே, பகலில், எல்லாரும் பார்க்க, ஒரு நாள் பரிசோதனை நடத்தட்டும்.